வெயிலில் ஓர் உலர்திராட்சை: ஒரு தந்தையின் பணமும் ஒரு தங்கையின் பங்கும்

அமெரிக்க நாடக இலக்கியத்தில் பத்தாண்டு இடைவெளியில் தோன்றிய இரண்டு நாடகங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குவது பயனுடையது. ஆர்தர் மில்லர் எழுதி 1949-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்', தன் ஆயுள் காப்பீட்டுத் தொகையாவது மகனுக்கு உதவட்டும் என்றெண்ணி உயிரை மாய்த்துக்கொள்ளும் தந்தையோடு முடிகிறது. லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959-இல் அதே நகரில் அரங்கேறிய 'வெயிலில் ஓர் உலர்திராட்சை', உழைத்து ஓய்ந்து மறைந்த ஒரு தந்தையின் காப்பீட்டுத் தொகை வீடு வந்து சேர்வதற்கு முந்திய நாள் காலையில் தொடங்குகிறது. முன்னது முடியும் இடத்தில் பின்னது தொடங்குகிறது என்றே கூறலாம். தந்தை விட்டுச் சென்ற பணம் எதுவாக மாறவேண்டும் என்பதே இந்நாடகத்தின் வினா.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே உள்ள உத்தனப்பள்ளி வட்டாரம் தக்காளிக்கும் ரோசாவுக்கும் பெயர் பெற்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புற மண். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதற்கொண்டு தொழிற்சாலைகள் சிறுகச் சிறுக இப்பக்கம் பரவி வந்துள்ளன. சிப்காட் விரிவாக்கத்திற்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் உழவர்கள் 2023-இல் தொடர்ந்து போராடியதும் பலர் அறிந்த செய்தி. இவ்வாறு நிலம் பணமாகும் ஊர்களில், தந்தை உழுத மண் ஒருநாள் காசோலையாக வீட்டுக்குள் நுழைகிறது. அக்காசோலை எவருடையது? அதில் எவரெவர்க்குப் பங்கு? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு சிகாகோ நகரத்துக் கறுப்பினக் குடும்பமொன்றின் கதையை நாம் படிக்கலாம்.

ஆசிரியரும் காலமும்

லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1930-இல் சிகாகோவில் பிறந்தவர். அவர் தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டுமனைத் தொழிலில் ஓரளவு வசதி பெற்றவர். அக்காலத்தில் அந்நகரின் பல பகுதிகளில் வெள்ளையர்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தனர். கறுப்பினத்தார் எவருக்கும் வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை என்பதே அவ்வொப்பந்தம். கார்ல் ஹான்ஸ்பெரி 1937-இல் அத்தகைய பகுதி ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறினார். வெளியே கூட்டம் திரண்டது. வீட்டுக்குள் எறியப்பட்ட கல் ஒன்று சிறுமி லொரெய்னின் தலைக்கு மிக அருகே பாய்ந்து சென்றது. தந்தை வழக்குமன்றங்களில் போராடிக்கொண்டிருக்க, தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காத்து நின்றார். இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் அக்குடும்பத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1940-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் அம்மாற்றத்திற்குக் காரணம் வழக்கு நடைமுறை பற்றியதொரு சட்ட நுணுக்கமே. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்ற தெளிவான தீர்ப்பு 1948-இல்தான் வேறொரு வழக்கில் வந்தது. கார்ல் ஹான்ஸ்பெரியோ 1946-இலேயே மெக்சிகோ நாட்டில் காலமாகிவிட்டார்.

இந்நாடகம் 1959 மார்ச் 11-ஆம் நாள் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய நாடகம் அவ்வரங்குகளில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. இயக்கியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். மகன் வேடத்தில் சிட்னி பாய்ட்டியர் நடித்தார். 530 முறை அது தொடர்ந்து நடைபெற்றது. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் பரிசை ஹான்ஸ்பெரி பெற்றபோது அவருக்கு அகவை இருபத்தெட்டு. அமெரிக்க உளவுத்துறை, இதில் பொதுவுடைமைப் பிரச்சாரம் உண்டா என்றறிய ஆள் அனுப்பி நாடகத்தைப் பார்வையிடச் செய்தது. 1965 சனவரியில் முப்பத்து நான்காம் வயதில் ஹான்ஸ்பெரி புற்றுநோயால் மறைந்தார். ஹஜ்ஜை முடித்துத் திரும்பியிருந்த மால்கம் எக்ஸ் அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார் என்பது நம் சமுதாயத்தார் நினைவிற்கொள்ளத்தக்கது. அடுத்த மாதமே மால்கமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கதைப்போக்கு

சிகாகோவின் தென்பகுதியில் நெருக்கடியான ஒரு குடியிருப்பு. உள்ளே ஒரே ஒரு சிறிய சன்னல். கழிப்பறையை அடுத்த வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பேரன் டிராவிஸ் கூடத்துச் சாய்விருக்கையில் உறங்குகிறான். தாய் லேனா யங்கர், மகன் வால்டர் லீ, மருமகள் ரூத், மகள் பெனீத்தா ஆகியோர் மற்றவர்கள். வால்டர் ஒரு வெள்ளையரின் காரோட்டி. ரூத்தும் லேனாவும் பிறர் வீடுகளில் வேலை செய்கின்றனர். பெனீத்தா மருத்துவம் பயில விரும்பும் கல்லூரி மாணவி.

தந்தையின் இறப்பால் வரும் தொகை 10,000 டாலர். வால்டர் அதைக் கொண்டு நண்பர்களோடு கூட்டாக மதுக்கடை வைக்க விழைகிறான். தாய் இசையவில்லை. இதனிடையே கருவுற்றிருக்கும் ரூத், இன்னொரு குழந்தைக்கு இவ்வீட்டில் இடமில்லையென்று அதைக் கலைக்க முன்பணமும் கொடுத்துவிட்டாள் என்பதைத் தாய் அறிகிறாள். குடும்பம் சிதைவதைக் கண்டு பொறாத அவள், 3,500 டாலர் முன்பணம் கொடுத்து, வெள்ளையர் வாழும் கிளைபோர்ன் பார்க் என்னும் பகுதியில் வீடு வாங்கிவிடுகிறாள். புரட்சி செய்வது அவள் நோக்கமன்று. கறுப்பினத்தார்க்கென்று தொலைவில் கட்டப்பட்ட வீடுகள் இருமடங்கு விலை. தன் பணத்துக்குக் கிடைத்த நல்ல வீடு அதுதான்.

மகன் மனமுடைந்து குடியில் மூழ்குகிறான். அவனைத் தான் நம்பாததே அவனை ஒடித்தது என்று உணரும் தாய், மீதி 6,500 டாலரை அவன் கையில் கொடுத்து, பெனீத்தாவின் படிப்புக்கென 3,000-ஐ வங்கியில் இடு, எஞ்சியது உன் பொறுப்பு என்கிறாள். வால்டர் வங்கிக்குச் செல்லவில்லை. தங்கையின் பணத்தையும் சேர்த்து நண்பன் வில்லி ஹாரிசிடம் கொடுக்கிறான். மதுக்கடை உரிமத்தை விரைந்து பெற அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. வில்லி முழுத் தொகையோடும் மறைந்துவிடுகிறான்.

இதற்கிடையில் கிளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கார்ல் லிண்ட்னர் என்பவர் வருகிறார். அக்குடும்பம் அங்கே குடிவராதிருந்தால், கொடுத்த தொகைக்கு மேல் இலாபமும் வைத்து வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். முதலில் அவரை வெளியேற்றிய வால்டர், பணம் பறிபோன பின் தானே அவரை அழைக்கிறான். அவர் வந்து நிற்கும் வேளையில் தாய் பேரனை வெளியே போக விடவில்லை. உன் தந்தை செய்வதை நீ பார் என்கிறாள். மகன் முன்னிலையில் வால்டரால் தலைகுனிய இயலவில்லை. தந்தை உழைத்து ஈட்டியது இவ்வீடு, நாங்கள் குடிவருகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுகிறான். குடும்பம் புறப்படுகிறது.

குறியீடுகள்

நாடகத்தின் தலைப்பே லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பினக் கவிஞர் 1951-இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள கவிதையிலிருந்து பெறப்பட்டது. தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும் என்பது அக்கவிதையின் கேள்வி. ஹான்ஸ்பெரி அக்கேள்வியை ஒரு வீட்டின் பொருள்களுக்குள் வைத்துக் காட்டினார்.

முதலாவது, சன்னலோரத்துச் செடி. போதிய வெயிலின்றி மெலிந்து நிற்கும் அதை லேனா நாள்தோறும் பேணுகிறாள். அது அவள் பிள்ளைகளைக் குறிக்கும் என்பது வெளிப்படை. எனினும் அதனினும் ஆழ்ந்த பொருளொன்று அதில் உண்டு. இந்நாடகத்தில் வரும் பொருள்களுள் ஏறத்தாழ எல்லாவற்றிற்கும் எவரோ ஒரு விலை சொல்கிறார். பிறவாத குழந்தையின் உயிர்க்கு முன்பணம் கொடுக்கப்படுகிறது. குடும்பத்தின் மானத்திற்கு லிண்ட்னர் விலை பேசுகிறார். விலை சொல்லப்படாத பொருள் அச்செடி ஒன்றே. அதனால்தான் எல்லாச் சாமான்களும் வண்டியேறிய பின்பும், மறந்துவிட்ட அதை எடுக்கத் தாய் திரும்பி வருகிறாள். திரை விழுகிறது.

இரண்டாவது, காசோலை. அது வரும் வரை வீடே அதையே பேசுகிறது. வந்தபின்போ தாய் தாளைப் பார்த்துக்கொண்டு பேச்சிழந்து நிற்கிறாள். ஓர் ஆளுக்குப் பதிலாக ஒரு தாள் வந்திருக்கிறது. பணம் பறிபோன செய்தி கேட்டு வால்டர் கதறும்போது, அது தன் தந்தையின் சதையால் ஆனது என்ற பொருளில் அவன் வாயிலிருந்தே சொல் வருகிறது. இழந்த பிறகுதான் அவனுக்கு அது முதலீடு அன்று, அமானிதம் என்று விளங்குகிறது.

மூன்றாவது, மதுக்கடை. இதனைத் திறனாய்வாளர் பலர் முன்னேறத் துடிக்கும் ஓர் இளைஞனின் வணிகக் கனவு என்றும், தாயின் மறுப்பைப் பழைய தலைமுறையின் சமயப் பிடிப்பு என்றும் எளிதாகக் கடந்துவிடுகின்றனர். ஹலால், ஹராம் என்ற வரையறைக்குள் வளர்ந்த வாசகர்க்கு அது அத்தனை எளிதன்று. தந்தையின் வியர்வை எதுவாக மாறுகிறது என்பதே இங்குக் கேள்வி. வாழ்நாளெல்லாம் தம் மக்களுக்காக உழைத்தவரின் பொருள், அதே மக்களின் கூலியை மாலைதோறும் உறிஞ்சும் கடையாக மாறுவதைத் தாய் ஏற்கவில்லை. கடை தொடங்குமுன்பே கையூட்டு தொடங்கிவிடுவதும் நோக்கத்தக்கது. வழியும் முடிவும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன.

நான்காவது, லிண்ட்னரின் பணிவு. அவர் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. தொப்பியும் கைப்பெட்டியுமாக வந்து, அவரவர் தம்மவரோடு வாழ்வதே எல்லார்க்கும் நலம் என்று மென்மையாகப் பேசுகிறார். பெருநகரங்களில் வாடகைக்கு வீடு தேடிச் சென்று, பெயரைச் சொன்னதும் வீடு வேறொருவர்க்குப் பேசப்பட்டுவிட்டது என்ற பண்பான விடையைப் பெற்றுத் திரும்பிய நம்மவர்க்கு அக்குரல் புதிதன்று. கல்லெறிந்த கூட்டத்தைத் தம் சிறுவயதில் கண்டவர் ஹான்ஸ்பெரி. அக்கூட்டத்தை மேடையேற்றாது, நாகரிகமான ஒரு மனிதரை அனுப்பியதில் அவர்தம் கலைத்திறன் விளங்குகிறது.

திறனாய்வாளர் நோக்கு

நாடகம் வெளிவந்தபோது வெள்ளையர் ஏடுகள் பலவும் இது எந்தக் குடும்பத்திற்கும் பொருந்தும் கதை என்று போற்றின. அப்போற்றுதலில் ஒரு வசதி இருந்தது. எல்லார்க்கும் பொருந்துவது என்று சொல்லிவிட்டால் சிகாகோவின் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஹான்ஸ்பெரியோ, ஒரு குறிப்பிட்ட மக்களை உண்மையாக வரைவதன் வழியாகவே பொதுமைக்குச் செல்ல முடியும் என்ற கருத்துடையவர்.

எதிர்த்திசையிலிருந்தும் கண்டனம் வந்தது. கறுப்பினச் சிந்தனையாளர் ஹெரால்டு குரூஸ் 1967-இல் வெளியிட்ட நூலில், உழைக்கும் மக்களின் உடையில் நடுத்தர வகுப்பின் ஆசைகளைக் காட்டும் குடும்பக் கதை என்ற நோக்கில் இதைச் சாடினார். வெள்ளையர் தெருவில் ஒரு வீடு கிடைப்பதுதானா விடுதலை என்பது அவர் போன்றோரின் கேள்வி. இதே வகையில் முன்பு இதைப் புறந்தள்ளிய கவிஞர் அமீரி பராக்கா, 1980-களில் எழுதிய கட்டுரையில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, கறுப்பினப் பெரும்பான்மையின் வாழ்வை உள்ளபடி காட்டிய படைப்பு இதுவே என ஒப்புக்கொண்டார்.

முடிவு மகிழ்ச்சியானதா என்பது மற்றொரு வாதம். முதல் அரங்கேற்றத்தில் நீக்கப்பட்ட ஒரு காட்சியில், வெள்ளையர் பகுதியில் குடியேறிய கறுப்பினத்தார் வீடு குண்டுவீச்சுக்கு உள்ளான செய்தியை அண்டைவீட்டுப் பெண் கொண்டுவருகிறாள். அக்காட்சியையும் சேர்த்துப் படித்தால், இறுதியில் புறப்படும் வண்டி பாதுகாப்பை நோக்கிச் செல்லவில்லை என்பது புலனாகும். அதே வீட்டைக் களமாக்கி, 1959-இல் ஓர் அங்கமும் 2009-இல் ஓர் அங்கமும் நிகழ்வதாகப் புரூஸ் நாரிஸ் எழுதிய 'கிளைபோர்ன் பார்க்' 2011-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஐம்பதாண்டு கழிந்தும் அவ்வழக்கு முடியவில்லை என்பது அதன் சாரம்.

ஈடுசெய்யப்படாத கடன்

இவ்வாதங்கள் அனைத்தும் வால்டரையும் வீட்டையுமே சுற்றி வருகின்றன. வால்டர் நிமிர்ந்து நின்றான், ஆகவே நாடகம் நிறைவுற்றது என்பது பொதுவான தீர்ப்பு. ஒரு கணக்கு மட்டும் இதில் தீராமல் நிற்கிறது. அது பெனீத்தாவின் 3,000 டாலர்.

வில்லி ஹாரிஸ் வால்டரிடம் திருடினான். அதற்கு முன் வால்டர் தங்கையிடம் திருடிவிட்டான். அவள் வெகுண்டு அவனைச் சகோதரன் என்று ஏற்க மறுக்கும்போது, தாய் அவளைக் கடிந்து, வீழ்ந்து கிடப்பவனை நேசிக்கும் வேளையே நேசத்தின் உரைகல் என்று அறிவுறுத்துகிறாள். நாடகத்தின் உயர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. அக்கூற்றின் அறத்தை மறுப்பார் இலர். ஆயினும் பங்கை இழந்தவளிடமே பொறுமையும் கேட்கப்படுகிறது. திருப்பிக் கொடு என்று வால்டரிடம் சொல்வார் அங்கே எவருமில்லை. லிண்ட்னரிடம் தன் தங்கை மருத்துவராகப் போகிறாள் என்று அவன் பெருமையோடு கூறுகிறான். அப்பெருமைக்குரிய கட்டணத்தைத் தொலைத்தவன் தானே என்பது அவன் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. இறுதியில், நைஜீரியாவிலிருந்து வந்த மாணவன் அசகாய் தன்னை மணந்து ஆப்பிரிக்காவிற்கு வரச்சொல்வதை அவள் கூறும்போது, பணமுள்ள ஜார்ஜ் மர்ச்சிசனை மணந்துகொள் என்று அண்ணன் வாதிடுகிறான். அரங்கில் அது நகைச்சுவையாகவே நிகழ்கிறது. சற்று நின்று எண்ணினால் நகை அடங்கிவிடும். கல்விக்கு வைத்த பணத்தை அழித்தவன், அதற்கு ஈடாகச் செல்வக் கணவனைக் காட்டுகிறான்.

இதை ஹான்ஸ்பெரி அறிந்தே விட்டாரா, அன்றி வால்டரின் எழுச்சியில் மறந்து விட்டாரா? அறிந்தே வைத்தார் என்பதே நம் துணிபு. பெனீத்தாவின் பாத்திரத்தில் தம் இளமைச் சாயல் உண்டு என்பதை அவரே உணர்த்தியுள்ளார். அவள் தலைமுடியை இயற்கையாக விட்டதையும், அசகாய் கொடுத்த ஆப்பிரிக்க உடையை அணிந்ததையும், இறைநம்பிக்கை பற்றித் தாயோடு மோதி அறை வாங்கியதையும் அத்தனை நுணுக்கமாக வரைந்தவர், அவளது இழப்பை மட்டும் கவனியாது விட்டிருப்பார் என்று கொள்ள இயலாது. மானம் மீண்டதைக் காட்டிய அவர், பங்கு மீளவில்லை என்பதையும் மறைக்காது விட்டார். பார்ப்போர் கைதட்டும் ஆரவாரத்தில் அது கேட்காமல் போயிற்று.

நம் மார்க்கம் தந்தையின் பொருளில் மகளுக்குரிய பங்கை வரையறுத்துக் கொடுத்திருக்கிறது. அதை மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். நடைமுறையிலோ, அண்ணனின் கடைக்கு முதலாகவும், தம்பியின் வெளிநாட்டுப் பயணச் செலவாகவும், கல்யாணத்துக்குச் செய்தோமே என்ற ஒற்றைச் சொல்லாகவும் அது கரைந்துவிடும் வீடுகள் பல. கேட்டால் உறவு முறியும் என்று பெண்கள் வாய்திறப்பதில்லை. திறந்தால் லேனா சொன்னதையே நாமும் சொல்கிறோம். நிலம் நிலமாக இருக்கும் வரை இப்பங்கு வரப்புக்குள் மறைந்து கிடக்கும். அது காசோலையாக மாறும் நாளில் மறைவிடம் இல்லை, எண்ணிப் பிரிக்கலாம். உத்தனப்பள்ளி போன்ற ஊர்களில் நிலம் பணமாவது பெரும் இழப்பே என்றாலும், மகளின் பங்கு கண்ணுக்குத் தெரிவதும் அதே நாளில்தான். லிண்ட்னரின் விலையும் நிலத்துக்கு அரசு தரும் விலையும் ஒன்றல்ல. முன்னது ஒரு மக்களை விலக்கி வைக்கும் விலை. ஆனால் பணம் கைக்கு வந்த பின் வீட்டுக்குள் எழும் கேள்வி ஒன்றே.

ஆகவே இந்நாடகத்தை நம் இல்லங்களில் படிப்போர் வால்டரின் முடிவுரையோடு நூலை மூடிவிடலாகாது. வெளியாரிடம் தலைநிமிர்ந்து பேசுவது ஆண்மை என்றால், வீட்டுக்குள் தங்கைக்குக் கணக்குத் தீர்ப்பதும் ஆண்மையே. செடியைக் கையில் ஏந்தித் தாய் கதவைச் சாத்துகிறாள். புது வீட்டில் அதற்கு வெயில் கிடைக்கும். பெனீத்தாவின் கட்டணம் மட்டும் இன்னும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை.